முழங்கை வராத மாதங்கள்

மார்ச் 6, செவ்வாய்

இன்றும் முழங்கை வரவில்லை.

காலையில் பிரயூன் அண்ணன் கைகளில் தோல் பேட் மாட்டிக்கொண்டு என் முன்னால் நின்றான். உதை வந்தது. முழங்கால் வந்தது. இடது கைக் குத்து, பயிற்சிக் கூடத்தின் தகரக் கூரை அதிர வந்தது. "முழங்கை" என்று அவன் சொன்னதும் வலது தோள் முன்னால் போகிறது, இடுப்பு திரும்புகிறது, எல்லாம் முறையாக நடக்கிறது. பேடைத் தொட ஒரு சாண் இருக்கும்போது கை தானாக நின்றுவிடுகிறது.

"என்னடி, கொசு ஓட்டுறியா?" என்றான்.

மணல்மூட்டை உதைத்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

பத்து மணிக்கு நெடுஞ்சாலை ஓரம் சுமாலி அண்ணியின் கோழிக் கடை. சுட்ட கோழியை வெட்டுவதும், உரலில் பச்சைப் பப்பாளியும் மிளகாயும் போட்டு இடிப்பதும் என் வேலை. அங்கே இதே வலது கை எத்தனை நன்றாக வேலை செய்கிறது! அண்ணி உரலை எட்டிப் பார்த்து, "பப்பாளி உனக்கு என்ன பண்ணிச்சு ரம்பாய்?" என்று கேட்டாள்.

மார்ச் 9, வெள்ளி

எழுதினால் தீருமா பார்க்கிறேன்.

பிப்ரவரியில் சீசகேட் கோயில் திருவிழாவில் எனக்கும் யசோத்தோன் ஊர்க்காரி வாரீக்கும் சண்டை. வாரீ என்னைவிட மூன்று வயது பெரியவள். இந்தப் பக்கத்தில் முய் தாய்ச் சண்டை ஆடுகிற பெண்களில் அவளுக்குப் பயப்படாதவள் கிடையாது. நானும் பயந்தேன். முதல் மூன்று ரவுண்டு அவள்தான் என்னைப் பந்தாடினாள். நான்காவதில் கழுத்தைப் பிடிக்க வந்தாள். உள்ளே முழங்கைக்கு இடம் கிடைத்தது. போட்டேன்.

அவ்வளவுதான். போட்டேன். இடது புருவத்துக்குக் கீழே பட்டது. எலும்பும் எலும்பும் மோதிய அந்தச் சத்தம், பறை, குழல், கூட்டம் எல்லாவற்றையும் மீறி எனக்குக் கேட்டது. அவள் கைகளைக் கீழே ஊன்றக்கூட இல்லை. அப்படியே பலகை மாதிரி விழுந்தாள். கண் திறந்தே இருந்தது.

என்னைத் தோளில் தூக்கினார்கள். மேலேயிருந்து பார்த்தேன். பெண்கள் ரிங்கின் கீழ்க் கயிற்றுக்கு அடியில்தானே போக வேண்டும்? நினைவில்லாதவளுக்கும் அதே விதிதான். காலைப் பிடித்து, கயிற்றுக்கு அடியில் சாமான் மாதிரி இழுத்தார்கள். ஆண் பிள்ளையாக இருந்தால் மேலே தூக்கிக் கொடுத்திருப்பார்கள்.

மறுநாள் நினைவு வந்துவிட்டது என்று செய்தி வந்தது. டாக்டர் ஆறு மாதம் சண்டை கூடாது என்றாராம். உயிருக்கு ஒன்றுமில்லை. பிறகென்ன எனக்கு? ஜெயித்தேன். விதிப்படி ஜெயித்தேன். பிறகென்ன?

மார்ச் 10, சனி

தீரவில்லை.

ஏப்ரல் 3, செவ்வாய்

தண்ணீர் ஊற்றி விளையாடும் சொங்கிரான் பண்டிகைக்கு நம் ஊர் ஏரிக்கரை மைதானத்தில் சண்டை. நடத்துகிறவர் விசித். கலாசின் ஊர்ப் பெண் ஒருத்தியோடு என்னைப் போட்டிருக்கிறார். சின்னப் பெண், புதியவள், கால் நன்றாக வரும், கழுத்துப் பிடி தெரியாது. "பிடிச்சு ரெண்டு முழங்கை, வீட்டுக்கு வந்துடலாம்" என்கிறான் அண்ணன்.

அவனிடம் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது, கை இருக்கிறது, வலியில்லை, வீக்கமில்லை. ரிங்கில் ஏறினால் தானாக வரும்.

வருமா?

உட்கார முடியவில்லை. காலையில் ஓடினேன், மத்தியான வெயிலில் மறுபடி ஓடினேன். அண்ணி, "எடை குறைக்கிறதுக்கா?" என்றாள். ஆமாம் என்றேன்.

ஏப்ரல் 15, ஞாயிறு

தோற்றேன். புள்ளியில்.

இடம் இல்லாமல் இல்லை. அந்தப் பெண் கழுத்தைத் தூக்கி என்னிடம் கொடுத்தபடியே நின்றாள். மூன்று முறை, நான்கு முறை. அண்ணன் மூலையிலிருந்து தொண்டை கிழியக் கத்தினான். என் கை கிளம்பியது, நின்றது. கிளம்பியது, நின்றது. கடைசி ரவுண்டில் கூட்டம் கத்துவதை நிறுத்திவிட்டது. கூட்டம் அமைதியானால் பயமாக இருக்கும், இன்றுதான் தெரிந்துகொண்டேன்.

கயிற்றுக்கு அடியில் குனிந்து வெளியே வரும்போது பந்தயம் கட்டியவர்களில் ஒருவன் என் முகத்துக்கு நேராக விரல்களைத் தேய்த்துக் காட்டினான்.

"எவ்வளவு வாங்கின?"

இன்னொருவன் ஐஸ் தண்ணீர்ப் பையை வீசினான். பண்டிகைத் தண்ணீர் என்று நினைத்து பக்கத்தில் இருந்த குழந்தைகள் சிரித்தன.

ஏப்ரல் 16, திங்கள்

அண்ணன் கேட்டுவிட்டான்.

சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். ஒட்டரிசிச் சோற்றை உருட்டியவன் வாயில் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டான். "யாராவது உங்கிட்ட வந்து பேசினாங்களா? பேசியிருந்தா சொல்லிடு. நான் கத்த மாட்டேன்."

கத்தியிருந்தால் பரவாயில்லை.

"நான் வித்துட்டேன்னு நினைக்கிறியாண்ணே?"

"நினைக்கல. கேக்குறேன்."

என்ன வித்தியாசம்? என்ன வித்தியாசம் அதுல? பதிமூணு வயசுல என் கையில துணி சுத்திவிட்டவன் நீ. என் கை எதுக்கு நிக்குதுன்னு உனக்குத் தெரியலேன்னா வேற யாருக்குத் தெரியும்? எனக்கே தெரியல, அது வேற விஷயம். ஆனா நீ அதைக் கேட்டிருக்கலாம்ல. கை ஏன் வரலன்னு கேட்டிருக்கலாம்ல.

எழுந்து போய்விட்டேன். தட்டை அண்ணி கழுவினாள்.

ஏப்ரல் 17, செவ்வாய்

அவன் பேசவில்லை. நானும்.

மே 4, வெள்ளி

விசித் எனக்கு சண்டை தருவதில்லை. பிரச்சினை ஆறட்டும் என்கிறாராம். அண்ணன் வழியாகத்தான் இதுவும் வந்தது, "உப்பை எடு" என்பது மாதிரியான குரலில்.

கடையில் நின்றால் ஓடவேண்டும் போல இருக்கிறது. ஓடினால் திரும்பிவிட வேண்டும் போல. மூட்டையை உதைத்தால் உதைத்துக்கொண்டே இருக்கிறேன், கால் எலும்பு சிவந்து, யாராவது வந்து மூட்டையைப் பிடித்து நிறுத்தும் வரை. இன்று அண்ணிதான் நிறுத்தினாள்.

"அந்தப் பொண்ணைப் போய்ப் பாரு," என்றாள்.

"எந்தப் பொண்ணை?"

"தெரியாத மாதிரி கேக்காதே."

மே 10, வியாழன்

யசோத்தோன் போய் வந்தேன்.

மழை வேண்டி ராக்கெட் விடும் திருவிழாவுக்கு ஊரே மூங்கிலோடு அலைகிறது. வாரீயின் வீடு கோயில் பின்னால், உயரமான தூண்களின் மேல். வீட்டுக்கு அடியில், தூண்களுக்கு நடுவே பாயில் உட்கார்ந்து முக்கோணத் தலையணைக்குள் வைக்கோல் திணித்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் போகும் வரை நிமிரவில்லை. பிறகு முழு முகத்தையும் திருப்பிப் பார்த்தாள்.

"பாக்க வந்தேன் அக்கா."

"பாத்தாச்சுல்ல? மூக்கு இருக்கு, வாய் இருக்கு. பஸ் அஞ்சு மணிக்கு."

வாங்கிப்போன பழங்களை வைத்துவிட்டு அங்கேயே நின்றேன். உட்காரச் சொல்லவில்லை. அவளே ஆரம்பித்தாள்.

"அந்த கலாசின் குட்டிகிட்ட நீ தோத்ததை போன்ல பார்த்தேன்."

"ம்."

"அவகிட்ட தோத்தவகிட்டயா நான் தோத்தேன்? எனக்கு எவ்வளவு கேவலம் தெரியுமா? நீயாவது அப்புறம் ஜெயிச்சுக்கிட்டே போயிருந்தா, பெரிய ஆளுகிட்டதான் விழுந்தேன்னு ஊர்ல சொல்லிக்குவேன்."

சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. அப்போதுதான் சொன்னேன், யாரிடமும் சொல்லாததை. முழங்கை வரவில்லை அக்கா. கிளம்புது, நின்னுடுது.

அவள் வைக்கோலைக் கீழே போட்டாள். திணித்து முடித்த தலையணை ஒன்றை நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "அடி."

கை கிளம்பியது. நின்றது.

"எம்மேல பாவம் பாக்குறியா?" குரலை உயர்த்தவேயில்லை. "எம்மேல பாவம் பாக்க நீ யாருடி?"

அவள் அம்மா மூங்கில் குருத்துக் குழம்பும் சோறும் கொண்டுவந்து வைத்தார். மூன்று பேரும் சாப்பிட்டோம். பஸ் ஏற எழுந்தபோது வாரீ கையைத் தட்டிக்கொண்டு, "வைக்கோல் திணிச்சுத் திணிச்சு எனக்குப் பைத்தியம் பிடிக்குது. உங்க கூடத்துக்கு வரேன். பேட் பிடிக்கிறேன்," என்றாள்.

"டாக்டர்…"

"அடி வாங்கக் கூடாதுன்னார். பிடிக்கக் கூடாதுன்னு சொல்லல."

ஜூன் 2, சனி

வந்துவிட்டாள். ஒரு பை, ஒரு மீன் ஊறுகாய் ஜாடி. என் அறையில்தான் படுக்கை. அண்ணன் முதல் நாள் அவள் முகத்தைப் பார்க்கவே கூசினான். அவள்தான், "அண்ணே, உங்க தங்கச்சி என்னை அடிச்சா, நீங்க இல்லையே. சோறு போடுங்க," என்றாள்.

ஜூன் 12, செவ்வாய்

தினமும் காலையில் பிடிக்கிறாள். பிடிக்கும்போது வாய் நிற்காது. "கிழவி மாதிரி உதைக்கிற." "உன் இடுப்பு நேத்தே ஊருக்குப் போயிடுச்சா?" "அண்ணே, இவளுக்கு சோத்தைக் குறைங்க." கூடத்தில் எல்லோருக்கும் அவளைப் பிடித்துவிட்டது. எனக்குத்தான் சில நாள் மிதிக்கத் தோன்றுகிறது.

முழங்கை இல்லை இன்னும்.

ஜூன் 21, வியாழன்

இன்று என்ன சொன்னாள் தெரியுமா. சாதாரணமாக, பேடை மாட்டிக்கொண்டே, பக்கத்தில் இருந்தவர்களுக்குக் கேட்கும்படி.

"அன்னிக்கு அது தெரியாம பட்டதுன்னு எங்க ஊர்ல பேசிக்கிறாங்க. நான் வழுக்கி இவ கைமேல விழுந்துட்டேனாம். யோசிச்சுப் பார்த்தா எனக்கும் அப்படித்தான் தோணுது."

பதிமூன்று வயதிலிருந்து பழகின முழங்கை. தெரியாமல் பட்டதா?

போட்டேன். போட்ட பிறகுதான் போட்டது தெரிந்தது. பேட் பின்னால் போய் அவள் நெற்றியில் இடித்தது. அவளைத் தாங்கக் கை நீட்டினேன். அவள் பேடைக் கழற்றி மணிக்கட்டை ஊதிக்கொண்டாள்.

"ம். இது தெரியாம படல," என்றாள். "மறுபடி."

மறுபடி போட்டேன். மறுபடி. அழுதுகொண்டே போட்டேன் என்று நினைக்கிறேன், வியர்வையில் யாருக்கும் தெரிந்திருக்காது. அண்ணன் கூடத்து மூலையில் கையில் தண்ணீர்க் குவளையோடு குடிக்காமல் நின்றுகொண்டிருந்தான்.

ஜூன் 22, வெள்ளி

மீனில் வயிற்றுப் பாகத்தை அண்ணன் என் தட்டில் வைத்தான். அது எப்போதும் அவனுக்கு.

"அன்னிக்கு நான் கேட்டது…"

"விடுண்ணே."

"கையைப் பத்திக் கேட்டிருக்கணும்."

விட்டுவிட்டேன். முழுவதும் விட்டுவிட்டேனா? தெரியவில்லை. மீன் நன்றாக இருந்தது.

ஜூலை 17, செவ்வாய்

மழை. நாற்று நட ஆட்கள் போய்விட்டதால் கூடத்தில் மூன்று நான்கு பேர்தான்.

ஒன்று உறுத்துகிறது. என் வலது காலை உயர்த்தி உதைக்கும்போது அவள் இடது பேட் தாமதமாக வருகிறது. எப்போதும். வலது பக்கம் மின்னல் மாதிரி வருகிறவளுக்கு இடது மட்டும் ஏன்? கேட்டால் தோள் பிடிப்பு என்கிறாள்.

தோள் பிடித்துக்கொண்டவள் துணி துவைக்கிறாளே.

ஜூலை 19, வியாழன்

கடையில் எலுமிச்சம்பழம் ஒன்றை அவள் வலப்பக்கமாகப் போட்டேன். பார்க்காமலேயே பிடித்தாள். இடப்பக்கமாக ஒன்று. தோளில் பட்டுக் கீழே உருண்டது.

"ஒழுங்கா போடேன்," என்றாள்.

ஒழுங்காகத்தான் போட்டேன் அக்கா.

ஆகஸ்ட் 5, ஞாயிறு

விசித் வந்தார். நவம்பரில் தீப மிதப்புத் திருவிழாவுக்கு ஏரிக்கரையில் பெரிய சண்டை நடத்துகிறாராம். "ரம்பாய், வாரீ — மறுபடி. ஜனங்க இதைத்தான் கேக்குறாங்க. ஏப்ரல்ல நடந்ததை எல்லாரும் மறந்துடுவாங்க." அவர் பேசி முடிப்பதற்குள், டீயில் வாய் வைப்பதற்குள், வாரீ "சரி" என்றாள்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் அவளுடைய இடது கண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மற்ற கண் போலத்தான் இருக்கிறது. அழகாகக்கூட இருக்கிறது.

"ஒரு வாரத்துல சொல்றேன்," என்றேன்.

அவர் போனதும் அறைக்கதவைச் சாத்திவிட்டுக் கேட்டேன். இடது கண் தெரியுதா?

"தெரியுதே."

"அக்கா."

கட்டிலில் உட்கார்ந்து கால்விரல்களைப் பார்த்தாள். "ஓரத்துல கறுப்பா திரை மாதிரி இருக்கு. முன்ன கொஞ்சமா இருந்துச்சு. இப்ப கொஞ்சம் உள்ள வந்திருக்கு. நேரா பார்த்தா எல்லாம் தெரியும்."

"டாக்டர்கிட்ட?"

"டாக்டர் என்ன சொல்லுவார்? சண்டை போடாதேம்பார். வேற என்ன தெரியும் அவருக்கு?" பிறகு என் கையைப் பிடித்தாள். இத்தனை மாதத்தில் பேட் இல்லாமல் அவள் என்னைத் தொட்டது இதுதான் முதல் தடவை. "ஒரே சண்டைடி. அதுக்கப்புறம் நானே போயிடறேன். மல்லாந்து கிடந்தவளா நான் முடிக்கக் கூடாது. காலைப் பிடிச்சு இழுத்துட்டுப் போனாங்க தெரியுமா? வீடியோல பார்த்தேன். அதோட முடிக்கக் கூடாது."

எனக்குத் தெரியாதா, மேலிருந்து பார்த்தவள் நான்தானே.

ஆகஸ்ட் 6, திங்கள்

அவள் ஊருக்குப் போய்விட்டாள், தன் கூடத்தில் தயாராக. எதிராளியாகப் போகிறவளோடு ஒரே அறையில் தூங்கக் கூடாதாம். வாயைத் திறக்காதே என்று பஸ் ஜன்னலிலிருந்து கையைக் காட்டினாள்.

ஆகஸ்ட் 8, புதன்

மாட்டேன் என்று மட்டும் சொல்லி ஒதுங்கினால்? பயந்துவிட்டேன் என்பார்கள். சொல்லட்டும். ஆனால் விசித் அவளுக்கு வேறொருத்தியைப் பிடித்துத் தருவார். அவளுக்கு இடது பக்கம் தெரியாது என்பது தெரியாத ஒருத்தியை.

சரி என்று சொல்லி, மெதுவாக அடித்தால்? இடது பக்கம் போகவே போகாமல்? அவளுக்குப் புரிந்துவிடும், முதல் ரவுண்டிலேயே. என்னைக் கொன்றுவிடுவாள்.

தோற்றுவிட்டால்? வேண்டுமென்றே தோற்றுவிட்டால்? அப்போது அந்த ஆள் விரலைத் தேய்த்துக் கேட்டது நிஜமாகிவிடும். பணம் வாங்கினால்தான் விற்பதா?

உண்மையாக அடித்தால்?

கோழியை வெட்டும்போது விரலில் கத்தி பட்டுவிட்டது. அண்ணி என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டாள். வீட்டில் இருக்க முடியவில்லை. ஏரியைச் சுற்றி நடந்தேன், எத்தனை சுற்று என்று தெரியாது, வாத்துக்குத் தீனி விற்கும் பெண் ஏதாவது தொலைத்துவிட்டாயா என்று கேட்டாள்.

ஆகஸ்ட் 9, வியாழன்

அண்ணனிடம் சொன்னேன். பேட்டுகளுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தவன் நிறுத்திவிட்டான்.

"நான் வேணா விசித்துகிட்ட பேசட்டுமா? உன் பேர் வராது."

அதுதான் சுலபம். அண்ணன் சொல்லிவிடுவான், யார் சொன்னது என்று வாரீக்குத் தெரியாது, அல்லது தெரியாத மாதிரி இருந்துகொள்வாள்.

"வேண்டாம்ணே. அவகிட்ட சொல்லிட்டு நானே சொல்றேன்."

"திட்டுவா."

"ம்."

"கூட வரட்டுமா?"

வேண்டாம் என்றேன். கேட்டானே, அது போதும்.

ஆகஸ்ட் 11, சனி

யசோத்தோன். அதே பாய், அதே வைக்கோல். என் முகத்தைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது.

"விசித்கிட்ட சொல்லப் போறேன் அக்கா. உங்ககிட்ட சொல்லாம சொல்லக் கூடாதுன்னு வந்தேன்."

வைக்கோல் திணிப்பதை நிறுத்தவில்லை. குச்சியால் ஓரம்வரை தள்ளி, இறுக்கி, மறுபடி தள்ளி. நிறைய நேரம். நான் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தேன்.

"முதல்ல கண்ணை எடுத்த," என்றாள். "இப்ப மிச்சத்தையும் எடுக்கப் போற."

"ஆமா."

வருகிற வழியெல்லாம் யோசித்துவைத்த வாக்கியங்களை விட்டுவிட்டேன்.

"உன் மனசு ஆறணும்னு பண்ற. எனக்காக இல்ல."

இருக்கலாம். அதுவும் இருக்கலாம். "ரெண்டுந்தான்னு நினைக்கிறேன்," என்றேன்.

"போ."

அவள் அம்மா சாலைவரை கூட வந்தார். எல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். பஸ் வரும்போது என் முழங்கைக்கு மேலே இறுகப் பிடித்து, "எங்கிட்ட தூசு விழுந்துச்சுன்னு சொல்லிட்டிருந்தா," என்றார். "மூணு மாசமா தூசு."

பஸ்ஸிலிருந்தே விசித்துக்கு போன் செய்தேன். பக்கத்தில் இருந்தவர்கள் எல்லோரும் கேட்டார்கள். போஸ்டருக்குப் படம் கொடுத்துவிட்டாராம். பிறகு, "நிஜமா?" என்றார்.

"நிஜம்."

"சரி. அவ வேண்டாம். நான் என்ன மனுஷன் இல்லையா?"

ஆகஸ்ட் 30, வியாழன்

அவள் போன் எடுப்பதில்லை.

செப்டம்பர் 14, வெள்ளி

அவள் அம்மா பேசினார். உபோன் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் முடிந்தது. கண்ணுக்குள் விழித்திரை கிழிந்து, சுவரிலிருந்து காகிதம் பிரிவது மாதிரிப் பிரிந்துகொண்டே வந்திருக்கிறது. நடுப்பகுதி பிரியவில்லை. ஓரத்துப் பார்வை திரும்பாது, மற்றது நிற்கும் என்றாராம் டாக்டர். இன்னொரு அடி பட்டிருந்தால் முழுவதும் போயிருக்குமாம். இனி ரிங் கிடையாது. என்றைக்கும்.

"அக்கா ஏதாவது சொன்னாங்களா?"

"உன் பேரைச் சொன்னா எழுந்து போயிடறா."

உட்கார்ந்து அழலாம் என்று பார்த்தேன். உட்கார முடியவில்லை. நடந்துகொண்டே அழுதேன்.

அக்டோபர் 7, ஞாயிறு

நவம்பரில் என் எதிராளி மொன். வாரீயின் கூடத்துப் பெண்தான். நெட்டைக் கை, அவசரப்படாத ஆட்டம் என்று கேள்வி. ஊரில் இரண்டு விதமாகப் பேசுகிறார்கள். நான் வாரீயைக் காப்பாற்றினேன் என்று சிலர். வாரீக்குப் பயந்து டாக்டர் பின்னால் ஒளிந்துகொண்டேன் என்று சிலர். கடையில் கோழி வாங்கிக்கொண்டே என் காதுபடப் பேசுகிறார்கள். அண்ணி இரண்டாவது கட்சிக்குக் கால் துண்டு சின்னதாகக் கொடுக்கிறாள்.

அக்டோபர் 25, வியாழன்

அண்ணன் பேட் பிடிக்கிறான். முழங்கை வருகிறது. ஒவ்வொரு முறையும் வருகிறது. ஆனால் யாரும் திட்டாமல் அடிப்பது வெறுமையாக இருக்கிறது.

"ஏதாவது சொல்லேண்ணே."

"நல்லா இருக்கு."

"அது இல்ல."

நவம்பர் 21, புதன்

நாளைக்கு. எடை சரி. பசி. மொன்னை எடை பார்க்கும் இடத்தில் பார்த்தேன், கும்பிட்டாள். தனியாகத்தான் வந்திருந்தாள். வேறு யாரையாவது தேடினேனா? தேடினேன்.

நவம்பர் 23, வெள்ளி

உடம்பு முழுவதும் வலி. இருந்தாலும் இன்றே எழுதிவிட வேண்டும்.

ஏரியில் விளக்குகள் மிதக்க ஆரம்பித்த நேரம் எங்கள் முறை. கயிற்றுக்கு அடியில் நுழைந்து, ரிங்கைச் சுற்றி வந்து, சண்டைக்கு முந்தைய சடங்குப்படி வணங்கி ஆடி, எழுந்து திரும்பினேன். எதிர் மூலையில் மொன்னின் சடங்குத் தலைவளையத்தைக் கழற்றிக்கொண்டு ஒருத்தி நின்றாள். கறுப்புக் கண்ணாடி. கழுத்தில் துண்டு. வாரீ.

என்னைப் பார்க்கவில்லை. பார்த்தாளோ என்னவோ, கண்ணாடியில் தெரியவில்லை.

முதல் ரவுண்டில் என் உதை எடுபட்டது. இரண்டாவதில் கழுத்துப் பிடி கிடைத்தது. முழங்கையைப் போட்டேன், மொன்னின் நெற்றியில் பட்டு அவள் இரண்டடி பின்னால் போனாள். கூட்டம் எழுந்தது. ஏப்ரலில் என்னைத் திட்டிய அதே கூட்டம். கை நிற்கவில்லை, ஒரு கணம்கூட.

மூன்றாவது ரவுண்டு மணி அடிப்பதற்கு முன்னால் வாரீ மொன்னின் காதில் ஏதோ சொன்னாள். அதற்குப் பிறகு என் முழங்கை ஒன்றுகூடப் படவில்லை. நான் கிளம்பும்போதே மொன்னின் உதை என் இடது விலாவில் வந்து உட்கார்ந்தது. மறுபடி. மறுபடி. வாரீயின் குரல் மட்டும் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது. "இப்ப வருது. இப்ப. விலாவுல உதை." என் கை எப்போது வரும் என்று எனக்கு முன்னால் அவளுக்குத் தெரிந்தது.

கடைசி ரவுண்டில் எல்லாம் கொடுத்தேன். மொன்னுக்கும் உதடு கிழிந்தது. புள்ளியில் அவள் கை உயர்ந்தது. நான் தோற்றேன். யாரும் விரலைத் தேய்த்துக் காட்டவில்லை. ஒரு கிழவர் கயிற்றுக்கு அருகே வந்து, "நல்ல சண்டை பொண்ணே," என்று தண்ணீர்ப் பாட்டில் நீட்டினார்.

வெளியே பாயில் படுத்திருந்தேன், அண்ணன் என் விலாவில் ஐஸ் வைத்துக்கொண்டிருந்தான். நிழல் விழுந்தது. நான் தன் வலப்பக்கம் வரும்படி வாரீ வந்து நின்றாள், தலையைத் திருப்பாமல் என்னைப் பார்க்க முடிகிற பக்கமாக.

"முழங்கை போடறதுக்கு முன்னாடி இடது கையை இறக்குற. விலா திறந்து கிடக்கு."

"எப்பலேர்ந்து?"

"ஜூன்லயே பார்த்தேன்."

"அப்பவே சொல்லியிருக்கலாம்ல?"

"எதிராளிகிட்ட யாராவது சொல்லுவாங்களா?"

அண்ணன் சிரித்துவிட்டான். நானும் சிரித்தேன், விலா பிடித்துக்கொண்டது. அவள் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துண்டால் துடைத்தாள். இடது கண் கொஞ்சம் சிவப்பாக இருந்தது.

"உம்மேல கோபம் போகல," என்றாள்.

"தெரியும் அக்கா."

"போகாமயே இருக்கலாம்."

"சரி."

கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டாள். மொன் கூப்பிட்டாள், போய்விட்டாள்.

நவம்பர் 24, சனி

நன்றாகத் தூங்கினேன். தோற்ற பிறகு இப்படித் தூங்கியதில்லை.

இடது கையை இறக்காமல் நூறு முறை போட்டுப் பார்க்கச் சொல்கிறான் அண்ணன். விலா ஆறட்டும் என்றேன்.

டிசம்பர் 11, செவ்வாய்

கடையில் கூட்டமான நேரத்தில் போன். புது எண். எடுத்ததும் வணக்கம் கிணக்கம் எதுவும் இல்லை.

"மொன்னுக்கு ஜனவரியில உபோன்ல சண்டை. எதிராளி உன் உயரம், உன் எடை. கழுத்துப் பிடியும் உன்னை மாதிரிதான், ஆனா அவளுக்குப் புத்தி இருக்கு. ரெண்டு வாரம் வந்து இவகூட பயிற்சி ஆடு. சோறு போடுவேன். வேற எதுவும் எதிர்பார்க்காதே."

"யோசிச்சு சொல்றேன் அக்கா."

"யோசி," என்று வைத்துவிட்டாள்.

அண்ணியிடம் கேட்டேன், இரண்டு வாரம் கடையைத் தனியாகப் பார்த்துக்கொள்வாயா என்று. பப்பாளிக்கு நிம்மதி என்றாள். அண்ணன் என்னுடைய கணுக்கால் உறைகளையும் புது கைத்துணியையும் பையில் வைத்துக்கொண்டிருக்கிறான்.